‘ஏ’ சொல்லக் கூடாத வகுப்பு

போன வாரம் நஸ்ரின் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் டீச்சராக வந்தவள். தண்டையார்பேட்டைப் பெண். சுறுசுறுப்பு அதிகம், பொறுமை கொஞ்சம் குறைவு. அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதால் அவளை எனக்குப் பிடிக்கும்.

“மிஸ், லேபுக்குப் புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கு. பசங்க ஏதாவது தப்பான வார்த்தை அடிச்சா அதுவே கதவை மூடிடும். எந்தெந்த வார்த்தைன்னு நாமதான் சொல்லணுமாம். எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். உங்க காலத்துல என்னென்ன வார்த்தையைத் தடை பண்ணியிருந்தீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வார்த்தையெல்லாம் இல்லம்மா. ஒரே ஒரு எழுத்தைத்தான் தடை பண்ணோம். அதுக்கே ஸ்கூல் படாத பாடு பட்டுது.”

“எந்த எழுத்து மிஸ்?”

சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அந்த ரோஷத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கம்ப்யூட்டருக்கு வந்தது டைப்ரைட்டிங் வழியாக. காலடிப்பேட்டையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் பல வருஷம் பிள்ளைகளை லோயர், ஹையர் என்று தட்ட வைத்துக்கொண்டிருந்தேன். டைப்ரைட்டருக்கு மவுசு குறையத் தொடங்கியதும் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் என்னை ‘ஆன்ட்டி’ என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் பள்ளியில் வேலை கிடைத்தது.

அன்றைய கம்ப்யூட்டர் லேபை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் கோயில் என்றுதான் நினைப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் தையல் டீச்சர் தைத்துக் கொடுத்த வெள்ளை உறை. பள்ளியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அதுதான். அதனால் காரணமே இல்லாமல் சந்தேகம் கேட்க வரும் ஆசிரியர்கள் அதிகம். ஜன்னலை ஒருநாள் திறந்து வைத்தால் போதும், ஒரு பக்கம் கடல் உப்பு, ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிப் புழுதி, இரண்டும் சேர்ந்து கீபோர்டில் வந்து உட்கார்ந்துவிடும்.

இன்டர்நெட் ஒரே ஒரு மெஷினில்தான், என் மேஜைக்குப் பக்கத்தில். அதுவும் தலைமையாசிரியர் அறை டெலிபோன் லைனில் இருந்து இழுத்தது. நான் இன்டர்நெட் போட்டால் அவருக்குப் போன் வராது. ஆகவே ஒவ்வொரு முறையும் அவர் அறைக்குப் போய், “சார், போடட்டுமா?” என்று கேட்க வேண்டும். அவர் தலையாட்டினால் ஓடிவந்து பொத்தானை அமுக்குவேன். மோடம் கீச்சென்று கத்தும், கரகரவென்று இருமும், அப்புறம் அமைதியாகும். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து வகுப்பில் கணக்குப் போடும் பையன்கூட பேனாவைக் கீழே வைத்துவிடுவான்.

படம் வருவது இன்னும் வேடிக்கை. மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்கும். முதலில் நெற்றி வரும். கொஞ்ச நேரம் கழித்துப் புருவம். மூக்கு வருவதற்குள் ஒரு வீட்டுப்பாடம் திருத்திவிடலாம். பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஒருநாள் எனக்குத் தெரியாமல் யாரோ ஒரு இந்தி நடிகையின் படத்தைப் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கழுத்து வரும்போது மணி அடித்துவிட்டது. எழுந்து போகவும் மனசில்லை, உட்காரவும் தைரியமில்லை. மாட்டிக்கொண்டார்கள். தலைமையாசிரியரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சாலமன், ராயபுரத்துக்காரர். நல்ல உயரம், முழுக்கைச் சட்டை, யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் அறைக்குப் போகப் பிள்ளைகள் நடுங்குவார்கள். காரணம் பென்சில். குற்றம் செய்த பிள்ளையை எதிரே நிற்க வைத்துவிட்டு, மேஜை டிராயரில் இருந்து பாதி பிளேடையும் ஒரு பென்சிலையும் எடுப்பார். பழைய கேள்வித்தாள் ஒன்றை விரித்து அதன் மேல் சீவுவார். சீவும்வரை யாரும் பேசக் கூடாது. அவசரமே படமாட்டார். முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் மறுபடி சீவுவார். அதற்குள் எதிரே நிற்கும் பிள்ளை தான் செய்தது, செய்ய நினைத்தது எல்லாவற்றையும் மனசுக்குள் ஒப்பித்து முடித்திருக்கும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். “ஏன் செஞ்சே?” என்று கேட்கமாட்டார். “உனக்கு என்ன தெரியணும்?” என்று கேட்பார். அந்த இரண்டு பையன்களில் ஒருவன் அழுதுகொண்டே, “படம் முழுசா வருமான்னு தெரியணும் சார்” என்றான். சாலமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கும்போதெல்லாம் அவர் கண்ணாடி துடைப்பார்.

சீவிய பென்சிலை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவார். வேறு ஏதாவது தெரிய வேண்டியிருந்தால் அந்தப் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும், பெயர் போட வேண்டியதில்லை, பதில் சொல்ல வேண்டிய டீச்சர் யாரென்று அவர் பார்த்துக்கொள்வார். அதனால் எங்கள் பள்ளியில் ‘அவன் பென்சில் வாங்கினவன்’ என்றால் மாட்டிக்கொண்டவன் என்று அர்த்தம்.

இப்படி ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு பெற்றோர் கூட்டத்தில் தடம் புரண்டது.

அப்போதெல்லாம் பிள்ளைகள் வரைந்ததைச் சேமித்து வைக்க ஃபிளாப்பிதான். சதுரமாக, கறுப்பாக, சட்டைப் பையில் கச்சிதமாக அடங்கும். அதைப் போடுகிற இடத்துக்குக் கம்ப்யூட்டரில் ‘ஏ டிரைவ்’ என்று பெயர். ஆறாம் வகுப்புக்கு அந்த வாரம் படம் வரையச் சொல்லிக் கொடுத்திருந்தேன். வீடு, மரம், கப்பல் என்று ஆளுக்கு ஒன்று வரைந்தார்கள். ஒரு பையன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்: “இன்னிக்கு மிஸ்ஸு எங்களுக்கு ஏ-ல படம் போட கத்துக் குட்தாங்க. நாளிக்கி எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறாங்க.”

அந்த அம்மா கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார். “பசங்களுக்கு ஏ படம் போட்டுக் காட்றதுக்கா நாங்க ஃபீஸு கட்றோம்?”

நூறு தலைகள் என் பக்கம் திரும்பின. நான் விளக்கினேன். ஃபிளாப்பியைத் தூக்கிக் காட்டினேன். லேபுக்கே கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பையன் வரைந்த கப்பலையும் திரையில் காட்டினேன். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, வெட்கப்பட்டுச் சிரித்தும்விட்டார். ஆனால் எங்கள் தாளாளருக்குத்தான் மனசு ஆறவில்லை.

தாளாளர் நல்ல மனிதர். துறைமுகத்துப் பக்கம் கப்பல்களுக்குக் கயிறும் பெயின்ட்டும் சப்ளை செய்யும் கடை வைத்திருந்தார். அதில் வந்ததைப் போட்டுத்தான் பள்ளியை நடத்தினார். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம் மட்டும் அவருக்கு இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, அந்த ‘ஏ’வை எடுத்துட்டு வேற எழுத்து மாத்த முடியாதா?” என்றார்.

“கம்ப்யூட்டரை நான் கண்டுபிடிக்கலை சார்” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். சுற்றறிக்கை விட்டார். காலைப் பிரார்த்தனையில் வாசித்தார்கள்: கணினி அறையில் மாணவ மாணவியர் எவரும் ‘ஏ’ என்ற எழுத்தை உச்சரித்தல் கூடாது.

டைப்ரைட்டிங் தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். தட்டச்சில் முதல் பாடமே ஏ எஸ் டி எஃப்தான். இடது கைச் சுண்டுவிரல் ‘ஏ’வில் உட்கார்ந்தால்தான் மற்ற விரல்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்கும். அத்தனை வருஷமாக நான் வாயைத் திறந்தால் முதலில் விழுந்த எழுத்து அது. அதைச் சொல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவது? பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘ஏ’ வரும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு இருமல். “க்ஹும், எஸ், டி, எஃப்!” ஒருநாள் வராந்தாவில் போன தாளாளர் உள்ளே எட்டிப் பார்த்து, “என்னம்மா, எல்லாருக்கும் சளியா? ஏசியைக் குறைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருமலுக்குப் பின்னால் ஒரு சிரிப்பும் வரும். தெரிந்தவன் சிரித்தான், தெரியாதவனும் தெரிந்த மாதிரி சிரித்தான். சிரிக்காத ஒரே பிள்ளை கஸ்தூரி.

கஸ்தூரி அந்த வருஷம்தான் எண்ணூரிலிருந்து வந்து எட்டாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அப்பா ஏழுமலை கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர், அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். அந்தப் பெண்ணின் விரல்கள் கீபோர்டில் ஓடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும். எதையும் புரியாமல் விடமாட்டாள். ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“மிஸ், ‘ஏ’ன்னு சொன்னா இன்னாத்துக்கு மிஸ் எல்லாரும் சிரிக்கிறாங்கோ?”

எனக்கு அப்போதுதான் சுற்றறிக்கை மேல் இருந்த கோபம் தலைக்கேறியிருந்தது. “சுற்றறிக்கை போட்டவங்களைப் போய்க் கேளு” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அது நடந்து கொஞ்ச நாளில், ஒரு மதிய இடைவேளை. புவியியல் டீச்சருக்கு ஒரு மழைப்பொழிவு வரைபடம் வேண்டியிருந்தது. சாலமன் சாரிடம் சொல்லிவிட்டு லைனைப் போட்டேன். வரைபடம் இமயமலையில் இருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கன்னியாகுமரி வந்து சேர எப்படியும் நேரமாகும். கஸ்தூரியை உட்கார வைத்து, “முழுசா வந்ததும் என்னைக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். நான் டப்பாவைத் திறந்ததும் பியூன் ஓடிவந்தார். தாளாளர் வந்திருக்கிறார், கூடவே ஒரு கப்பல் ஏஜென்ட், லேபுக்கு இன்னும் சில கம்ப்யூட்டர்கள் வாங்கித் தர நினைக்கிறவர். கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அவர்களை அழைத்துக்கொண்டு லேபுக்கு வரும்போது கஸ்தூரி மூச்சிரைக்க எதிரே வந்தாள். என்னைத் தேடிச் சாப்பாட்டு அறைவரை போயிருக்கிறாள். “மிஸ், மிஸ்…” என்றாள். “அப்புறம்” என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

இன்டர்நெட் மெஷின் மேல் உறை ஒழுங்காகப் போர்த்தியிருந்தது. தாளாளர் விருந்தாளியிடம், “எங்க ஸ்கூல்ல இன்டர்நெட்டே இருக்கு சார்” என்றார். நான் உறையை எடுத்துத் திரையின் பொத்தானை அமுக்கினேன்.

திரை முழுக்க, உடம்பில் துணி பற்றாத வெள்ளைக்காரிகள். சின்னதும் பெரியதுமாக, ஜன்னல் மேல் ஜன்னல். ஒன்றை மூடினேன், இரண்டு திறந்தது. இரண்டை மூடினேன், அதற்குப் பின்னாலிருந்து இன்னும் வந்தன. அந்தக் காலத்து இன்டர்நெட்டில் அது ஒரு பெரிய தொல்லை, தெரியாமல் ஒரு வாசலைத் தொட்டால் தெருவே எழுந்து வரும். கப்பல் ஏஜென்ட் மின்விசிறியைப் பார்த்தார். தாளாளரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கடைசியில் டெலிபோன் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாக மூட முடிந்தது.

எல்லாம் போனபின் தேடுகிற பெட்டியில் அடித்திருந்த எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. ஆங்கில எழுத்தில், தமிழில்: ‘ஏ படம்னா இன்னா.’

“கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ண வந்த பையன் வேலையா இருக்கும்” என்றார் தாளாளர், விருந்தாளிக்காக. ஆனால் சர்வீஸ் பையன் மயிலாப்பூர்க்காரன், அவன் ‘இன்னா’ என்று அடிக்கமாட்டான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். இது நம் வடசென்னைப் பிள்ளை.

“நான்தான் சார்” என்று வாசலில் இருந்து குரல் வந்தது. கஸ்தூரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாள். “டிவிய ஆஃப் பண்ணா பூடும்னு நெனச்சேன்.”

தாளாளர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. என்னிடம் சொன்னார்: “நாளைக்கு அவ அப்பாவை வரச் சொல்லுங்க. டிசி வாங்கிட்டுப் போகட்டும்.”

டிசி என்கிற மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை’ என்று ஒரு இடம் உண்டு. அங்கே ‘நன்று’ என்று இல்லாவிட்டால் வேறு எந்தப் பள்ளியும் சேர்க்காது. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் கஸ்தூரி லேப் வாசலிலேயே நின்றாள். அழவில்லை. “டிசி குட்த்துட்டா திரும்ப சேத்துக்குவீங்களா மிஸ்?” என்று மட்டும் கேட்டாள். “முதல்ல வீட்டுக்குப் போ, இருட்டப் போகுது” என்று எரிந்து விழுந்தேன். அழுகை வரும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

மறுநாள் காலை சாலமன் சார் அறை. ஒரு பக்கம் தாளாளர், ஒரு பக்கம் நான், எதிரே ஏழுமலையும் கஸ்தூரியும். ஏழுமலை காக்கிச் சட்டையோடு நேராக வண்டியிலிருந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

“வண்டி ஆர்பர் கேட்டு க்யூவுல கீது சார். கிளீனர குந்த வெச்சிட்டு வந்தேன். பொண்ணு தப்பு பண்ணிச்சின்னா டிசிய குட்துடுங்கோ. பழவேற்காட்ல எங்கக்கா வூடு கீது, அங்க இட்டுகினு போயி இறால் கம்பெனில சேத்துடறேன். இங்க வெச்சிகினா நாலு பேரு நாலு வார்த்த பேசுவான்.”

கஸ்தூரியின் விரல்கள் பாவாடையில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தன. பயம் வந்தால்கூட அந்த விரல்கள் சும்மா இருக்காது.

சாலமன் சார் டிராயரைத் திறந்தார். புதுப் பென்சில் ஒன்றை எடுத்தார். கேள்வித்தாளை விரித்தார். சீவத் தொடங்கினார்.

“சாலமன், இதுல விசாரிக்க என்ன இருக்கு?” என்றார் தாளாளர். சார் நிமிரவில்லை. பிளேடு சறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஏழுமலை பென்சிலையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். முனையை நகத்தில் வைத்துப் பார்த்த சார், மறுபடி ஒரு சுற்று சீவினார். பிறகு கேட்டார்.

“கஸ்தூரி, உனக்கு என்ன தெரியணும்?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். “சொல்லலாமா சார்?”

“சொல்லத்தானே கூப்பிட்டேன்.”

“‘ஏ’ன்னா இன்னாத்துக்கு எல்லாரும் சிரிக்கிறாங்கோன்னு தெரியணும் சார். கூட குந்திகினு கீற பொண்ண கேட்டேன், ஏ படம்டி, சீ போடின்னுச்சு. தமிழ் ஐயாவ கேட்டேன், ஒதைப்பேன்னாரு. அம்மாவ கேட்டேன், வாயிலயே ஒண்ணு வெச்சிது. மிஸ்ஸ கேட்டேன், சுற்றறிக்கை போட்டவங்கள கேளுன்னாங்கோ. தாளாளர் சார் ரூமுக்குப் போனேன். வாட்ச்மேன் உள்ள வுடல.” மூச்சு விட்டுக்கொண்டாள். “அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டர கேட்டேன்.”

தாளாளர் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தார். “இன்னா சார் அது ‘ஏ’? இந்த போஸ்டர்ல போடுவானே, ஏ படம்னு, அதுவா?”

“அதேதான்” என்றார் சாலமன் சார்.

“இத்த சொல்றதுக்கா யாருக்கும் வாய் வரல?” ஏழுமலைக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. “வண்டி பின்னாடி ‘ஹாரன் அடிக்காதே’ன்னு எழுதி வெச்சா எவன் சார் அடிக்காம பூடறான்?”

சாலமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சீவிய பென்சிலை எடுத்தார். கஸ்தூரி வழக்கம் தெரிந்து கையை நீட்டினாள். சார் அவளைத் தாண்டி, பென்சிலைத் தாளாளரிடம் நீட்டினார்.

“ஐயா, கேள்வி கேட்டாச்சு. பதிலை நீங்க எழுதிக் கொடுங்க.”

சம்பளம் கொடுக்கிறவருக்குப் பென்சில் கொடுத்த தலைமையாசிரியரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தாளாளர் வாங்கிக்கொண்டார். விரலிடுக்கில் வைத்து உருட்டினார். கேள்வித்தாளின் வெள்ளைப் பக்கத்தில் முனையை வைத்தார், எடுத்தார்.

“இந்தக் குழந்தைக்கு நான் என்னத்தைய்யா எழுதறது?” என்றார் கடைசியில். அந்தக் குரலில் அதிகாரமே இல்லை. “டிசியெல்லாம் வேணாம். டீச்சர், நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.” பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

ஆனால் ஏழுமலை நகரவில்லை. “டிசி வேணாம், சரி. நாளிக்கி அந்தப் பொட்டில திரும்ப அதே கலீஜு வந்தா? அப்ப இன்னா பண்ணுவீங்கோ? நான் பொண்ண இங்க வுட்டுட்டு நிம்மதியா வண்டி ஓட்டணும்ல?”

நியாயமான கேள்வி. நானே பதில் சொன்னேன். எல்லாத் திரையும் இனி வாசலைப் பார்த்து இருக்கும். இன்டர்நெட் மெஷினில் நான் இல்லாமல் யாரும் உட்கார முடியாது. அப்படியும் ஏதாவது வந்தால் பிள்ளை ஒளிக்க வேண்டாம், அணைக்க வேண்டாம், கையைத் தூக்கினால் போதும். நான் வந்து முதலில் வயரை இழுப்பேன், அப்புறம் ஜன்னலை மூடுவேன். கை தூக்கின பிள்ளைக்குத் திட்டு கிடையாது. “இது என் வாக்கு” என்று சாலமன் சாரும் சேர்ந்து சொன்னார்.

ஏழுமலை மகளின் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். “படி” என்றார். க்யூ நகர்ந்திருக்கும் என்று வேகமாகப் போய்விட்டார்.

அன்று மதியம் லேபில் கஸ்தூரியை எதிரே உட்கார வைத்தேன். காலையிலிருந்து யோசித்து வைத்திருந்த அலங்கார வார்த்தைகள் எதுவும் வரவில்லை. நேராகச் சொன்னேன்.

“பெரியவங்க மட்டும் பாக்கணும்னு எடுக்கற சினிமாவுக்கு ‘ஏ’ன்னு முத்திரை போடுவாங்க. சில படத்துல ரத்தம், வெட்டு, குத்து இருக்கும். சிலதுல புருஷன் பொண்டாட்டி தனியா இருக்கற மாதிரி காட்டுவாங்க. உன் வயசுல பாத்தா மனசு குழம்பும், அதனாலதான் வேணாங்கறாங்க. அதை வெளிப்படையா பேச வெட்கப்பட்டுத்தான் சிரிக்கறாங்க. நேத்து திரையில வந்தது சினிமாகூட இல்ல, காசுக்காக வலிய வந்து கதவைத் தட்டற கூட்டம். நீ கூப்பிட்டு வரல. அதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல. இனிமே உடம்பைப் பத்தி, வளர்றதைப் பத்தி என்ன சந்தேகம்னாலும் என்னைக் கேளு. நான் சிரிக்க மாட்டேன், போன தடவை மாதிரி வெரட்டவும் மாட்டேன்.”

கஸ்தூரி என்னையே பார்த்தாள். இன்னும் ஏதோ பெரிதாக வரும் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

“அவ்ளோதானா மிஸ்?” என்றாள். “இத்துக்கா இம்மா பேஜாரு?”

அதன் பிறகு வேறு சில கேள்விகள் கேட்டாள். அந்த வயதுப் பெண் கேட்கிற கேள்விகள்தான். இரண்டொன்றுக்கு என் காது சூடானது. இருந்தாலும் வாக்குக் கொடுத்தாயிற்றே, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

சுற்றறிக்கையை யாரும் ரத்து செய்யவில்லை. நானாகவே அடுத்த வகுப்பில் “ஏ எஸ் டி எஃப்” என்று சத்தமாக ஆரம்பித்தேன். முதலில் ஒன்றிரண்டு பேர் பழக்க தோஷத்தில் இருமினார்கள். கஸ்தூரி இருமின பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். இடைவேளையில் அவளே அவர்களுக்கு விஷயத்தை விளக்கிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்த இருமலை நினைத்தால் எனக்குத் தனியாகச் சிரிப்பு வரும். அந்த லேப், அந்த வெள்ளை உறை, மோடத்தின் கீச்சுச் சத்தம், சாலமன் சாரின் பாதி பிளேடு எல்லாம் வேண்டும் போல இருக்கும். கன்னியாகுமரி வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்த காலம் அது.

நஸ்ரினுக்குச் சொல்ல வேண்டிய மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்த வருஷ ஆண்டு விழா. கணினிப் பயிற்சிக்குப் பள்ளியே ஒரு சான்றிதழ் கொடுக்கும். தாளாளர்தான் மைக்கில் பெயரையும் கிரேடையும் வாசித்துக் கொடுப்பார். எட்டாம் வகுப்பு வந்தது. பி, சி, பி, பி என்று வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு சான்றிதழில் நின்றுவிட்டார்.

“கஸ்தூரி…”

மைதானமே காத்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். சாலமன் சாரைப் பார்த்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பின்வரிசையில் எந்தப் பொல்லாத பிள்ளையோ “க்ஹும்” என்று இருமியது. தாளாளர் மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“கஸ்தூரி, ஏ!”

ஒலிபெருக்கியில் தெருமுனைவரை கேட்டிருக்கும். மைதானத்தின் கடைசியில் நின்றிருந்த ஏழுமலை இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. சான்றிதழைக் கொடுக்கும்போது தாளாளர் மைக்கை விட்டு விலகிக் குனிந்து அவளிடம் என்னவோ கேட்டார். அவளும் என்னவோ சொன்னாள். அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார்.

இறங்கி வந்ததும் கேட்டேன். “என்னடி கேட்டாரு?”

“‘சத்தமா சொன்னனா?’ன்னு கேட்டாரு மிஸ்.”

“நீ என்ன சொன்ன?”

“‘இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம் சார்’ன்னேன்.”